பிரவுன் மவுண்டன் லைட்ஸ்: எங்க நின்னு பாக்கணும், எப்படி பாக்கணும், பாத்தது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கணும் (முழுமையான வழிகாட்டி)

அமெரிக்காவுல நார்த் கரோலைனா மாநிலத்தோட மேற்குப் பக்கம், பர்க் கவுண்டியும் கால்ட்வெல் கவுண்டியும் தொட்டுக்கிற எடத்துல, பிஸ்கா தேசியக் காட்டுக்குள்ள பிரவுன் மவுண்டன்னு ஒரு நீளமான மலைமுகடு இருக்கு. உயரம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, சுமார் 2,600 அடி தான், மேற்குப் பக்கம் இருக்கிற மலைங்க எல்லாம் அதை விட உயரம், கூர்மையான சிகரமும் கிடையாது, முழுக்க மரம் மூடி நீட்டா படுத்துக் கிடக்கும். ஆனா நூறு வருஷத்துக்கு மேலா அந்த முகட்டு மேல ராத்திரியில சிவப்பா, ஆரஞ்சா, வெள்ளையா வெளிச்சம் எழும்புது, மெதுவா நகருது, அணையுது, மறுபடி வருதுன்னு எத்தனையோ பேர் சொல்லிட்டே இருக்காங்க, அரசாங்கமே ரெண்டு தடவை நிலவியல் ஆளுங்களை அனுப்பி பாக்க சொல்லியிருக்கு.

சார்லட், ராலே, கேரி பக்கம் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, அக்டோபர்ல இலை கலர் மாறுறதை பாக்க ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர் பக்கம் எல்லாருமே போறாங்க, அப்படியே ஒரு ராத்திரி இதையும் பாத்துட்டு வரலாம்னு கிளம்புறவங்க அதிகம். போயிட்டு வந்து ஒண்ணு "ஏதோ லைட் பாத்தோம்"னு சொல்றாங்க, இல்லன்னா "ஒண்ணுமே தெரியல"ன்னு சலிச்சுக்கிறாங்க. ரெண்டுலயும் பெருசா பிரயோஜனம் இல்லன்னு நான் உறுதியா நம்புறேன். அங்க போயி செய்ய வேண்டியது ஒரே வேலை தான்: கண்ணுக்கு தெரியுற ஒவ்வொரு லைட்டுக்கும் இது இன்னது, இது இன்னதுன்னு பேர் வச்சு கழிச்சுக்கிட்டே வரணும். கழிச்சு கழிச்சு கடைசியில ஏதாவது மிச்சம் நின்னா அதை தான் பிரவுன் மவுண்டன் லைட்னு சொல்லணும். அப்படி பண்ணா ராத்திரி முழுக்க போர் அடிக்காது, சத்தியமா சொல்றேன்.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி கதையையும் ஆராய்ச்சியையும் தெரிஞ்சுக்கோங்க

இதை ஸ்கிப் பண்ணாதீங்க, ஏன்னா இங்க நடந்த ஆராய்ச்சி தான் நம்ம பண்ணப் போற வேலைக்கு பாடம்.

அந்த ஏரியாவுல சொல்ற பழைய கதை ஒண்ணு, சுமார் 1200ஆம் வருஷம் வாக்குல அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களுக்கும் கடாபா மக்களுக்கும் அந்த மலையில பெரிய சண்டை நடந்து, செத்துப் போன வீரர்களை அவங்க பொண்டாட்டிங்களும் காதலிகளும் தீப்பந்தம் வச்சு தேடுறாங்க, அந்த வெளிச்சம் தான் இதுன்னு. இன்னொரு கதையில, வேட்டைக்கு போயி திரும்பி வராத முதலாளியை தேடி லாந்தரோட அலையுற ஒரு அடிமை மனுஷன் வர்றாரு. கேக்க மனசை பிசையுற கதைங்க தான், ஆனா பத்திரிகையில இந்த லைட் பத்தி அச்சுல வந்தது 1913ல, சார்லட் ஊர் பேப்பர்ல, மார்கன்டன் பக்கம் மீன்பிடிக்க போற கிளப் ஆளுங்க பாத்ததா தான் செய்தி. 1771லயே டி பிராம்ங்கிற சர்வேயர் இதை எழுதி வச்சிருக்கார்னு நிறைய எடத்துல போட்டிருப்பாங்க, நம்பாதீங்க, அவர் எழுதினது பொதுவா மலைகள்ல கிளம்புற ஆவி, இடி மின்னல் பத்தி, பிரவுன் மவுண்டன்னு அவர் சொல்லவே இல்ல.

1913லயே அமெரிக்க ஜியாலஜிகல் சர்வேல இருந்து ஸ்டெரெட்னு ஒருத்தர் வந்து பாத்தாரு. அவர் முடிவு, கீழ கடாபா பள்ளத்தாக்குல ஓடுற ரயில் இன்ஜினோட ஹெட்லைட். ஊர்க்காரங்களுக்கு இது பிடிக்கல. அப்புறம் 1916 ஜூலைல பெரிய வெள்ளம் வந்து ரயில் பாலமெல்லாம் அடிச்சுட்டு போச்சு, ரயில் ஓடாத அந்த நாள்லயும் லைட் தெரிஞ்சுதுன்னு சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் "அப்போ ரயில் இல்லையே"ன்னு இதை தான் பெரிய ஆதாரமா எடுத்து வைப்பாங்க. யோசிச்சு பாருங்க, ரயில் நின்னா ஸ்டெரெட் சொன்ன ஒத்தை காரணம் அடிபடுது, அவ்ளோ தான், ஊர் விளக்கு, கார், காட்டுல எரிக்கிற நெருப்பு இதெல்லாம் நின்னு போகலையே.

1922ல மறுபடி ஜியாலஜிகல் சர்வேல இருந்து ஜார்ஜ் ராஜர்ஸ் மேன்ஸ்ஃபீல்ட் வந்தாரு. எனக்கு இந்த மனுஷன் மேல பெரிய மரியாதை. ரெண்டு வாரம் தங்கி, ராத்திரி ராத்திரி வெவ்வேற எடத்துல நின்னு, பிளேன் டேபிள்னு சொல்ற சர்வே பலகை மேல அலிடேட்ங்கிற குறி பாக்குற கருவியை வச்சு ஒவ்வொரு லைட்டும் எந்த திசையில தெரியுதுன்னு கோடு போட்டு, அந்த கோட்டை மேப்ல நீட்டி, அது எந்த ரோட்டு மேல, எந்த ரயில் பாதை மேல, எந்த ஊர் மேல போகுதுன்னு பாத்தாரு, ரயில் டைமிங்கோட ஒப்பிட்டு பாத்தாரு. அவர் கணக்குல 47 சதவீதம் கார் ஹெட்லைட், 33 சதவீதம் ரயில் ஹெட்லைட், 10 சதவீதம் ஒரே எடத்துல எரியுற விளக்கு, 10 சதவீதம் புதர் எரிக்கிற நெருப்பு. அதோட விடாம அந்த நாள்ல ஊர்ல பேசின மத்த காரணங்களையும் ஒண்ணொண்ணா எடுத்து பாத்திருக்காரு, நம்மூர்ல கொள்ளிவாய்ப் பிசாசுன்னு சொல்ற சதுப்பு வாயு (அங்க சதுப்பே இல்ல), ரேடியம் தாது, பாஸ்பரஸ், திருட்டு சாராயம் காய்ச்சுற அடுப்பு, எல்லாமே. இந்த ரிப்போர்ட்டை சர்வே 1971ல சர்க்குலர் 646ன்னு அச்சுல போட்டாங்க, இணையத்துல இலவசமா கிடைக்குது, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருங்க, கொஞ்ச பக்கம் தான்.

அப்புறம் 1977ல ஓரியன்ங்கிற ஒரு குழு, டென்னசில ஓக் ரிட்ஜ் பக்கத்துல இருந்து வந்தவங்க, ஒரு அருமையான சோதனை பண்ணாங்க. லெனாயர் ஊர்ல 5,00,000 கேண்டில்பவர் ஆர்க் லைட் ஒண்ணை வச்சு எரிய விட்டாங்க, 22 மைல் தள்ளி பிரவுன் மவுண்டனுக்கு மேற்கால ஹைவே ஓரத்துல இன்னொரு டீம் நின்னு பாத்துச்சு. எரிஞ்சது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், இவங்களுக்கு தெரிஞ்சது முகட்டு மேல மிதக்குற ஆரஞ்சு சிவப்பு உருண்டை! ஜனங்க நூறு வருஷமா சொல்ற அதே வர்ணனை. தூரத்து விளக்கு அடர்த்தியான காத்து வழியா வர்றப்போ நீலம் சிதறி போயிடும், சிவப்பு பக்கம் மட்டும் மிஞ்சும், காத்துல கதிர் வளைஞ்சு முகட்டுக்கு மேல தூக்கி காட்டும். சாயங்கால சூரியன் சிவக்கிற அதே காரணம் தான்.

ஸ்டெப் 2: எப்போ போறது

செப்டம்பர்ல இருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும், மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச அடுத்த ராத்திரி, இது தான் ஊர்ல எல்லாரும் சொல்றது. இதுக்கு பின்னாடி ஒரு நியாயம் இருக்கு. மழை தூசியை கழுவிடும், தூரம் தெளிவா தெரியும். அதோட இலையுதிர் காலத்துல வானம் தெளிவா, காத்து அசையாம இருக்கிற ராத்திரியில குளிர்ந்த காத்து பள்ளத்தாக்குல போய் தேங்கிக்கும், மேல வெதுவெதுப்பான காத்து மூடி மாதிரி நிக்கும், அப்போ தான் வெளிச்சக் கதிர் நல்லா வளையும். மூடுபனி, மேகம் இறங்கின ராத்திரி போகாதீங்க, வெள்ளை சுவரை பாத்துட்டு வரணும்.

நிலா விஷயத்துல எல்லாரும் அமாவாசை பாத்து போங்கன்னு சொல்லுவாங்க. என் கருத்து வேற. வளர்பிறை அரை நிலா இருக்கிற நாளை பாருங்க. அது சாயங்காலம் தென்மேற்குல நிக்கும், நீங்க கிழக்க பாத்து நிப்பீங்க, அதனால நிலா வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் இருந்து முகட்டு மேல விழும், மலையோட விளிம்பு எங்கன்னு நல்லா தெரியும். ராத்திரி 12 மணி வாக்குல நிலா மறைஞ்சிடும், அதுக்கப்புறம் முழு இருட்டு. ஒரே ராத்திரியில ரெண்டும் கிடைக்குது. முழு இருட்டுல மலை விளிம்பு தெரியாது, லைட் மலைக்கு மேலயா, மலையிலயா, மலைக்கு அந்தப் பக்கமான்னு ஒண்ணும் சொல்ல முடியாது, பாதி குழப்பம் அங்க தான் ஆரம்பிக்குது.

ஸ்டெப் 3: எங்க நிக்கிறது

இது முக்கியம், பிரவுன் மவுண்டன் மேல ஏறி லைட் பாக்க முடியாது, தள்ளி நின்னு தான் பாக்கணும். மூணு எடம் இருக்கு.

முதல் எடம் என்.சி 181 ஹைவேல இருக்கிற பிரவுன் மவுண்டன் ஓவர்லுக் (ஓவர்லுக்னா ரோட்டு ஓரமா நின்னு மலையை பாக்குற எடம்). மார்கன்டன்ல இருந்து 181 பிடிச்சு வடக்க சுமார் 20 மைல் ஏறணும், ரோட்டு ஓரத்துலயே பார்க்கிங் இருக்கு, தார் ரோடு, குழந்தைங்களோட போறவங்களுக்கு இது தான் சரி. முகடு கிழக்க கிட்டத்துலயே இருக்கு, சில மைல் தான், ஓரியன் டீம் நின்னதும் இந்த ஹைவே பக்கம் தான். குறை என்னன்னா, போற வர்ற வண்டி ஹெட்லைட் உங்க கண்ணை கெடுக்கும், பக்கத்துல காரை நிறுத்தி டோம் லைட் போட்டு வச்சிருப்பாங்க, வீக்எண்டுல கூட்டம்.

ரெண்டாவது வைஸ்மன்ஸ் வியூ. லின்வில் கார்ஜ்னு ஒரு பெரிய பள்ளத்தாக்கு, அதோட மேற்கு விளிம்புல இருக்கு. லின்வில் ஃபால்ஸ் ஊர்ல என்.சி 183ல இருந்து திரும்பி கிஸ்லர் மெமோரியல் ஹைவேன்னு ஒரு ரோடு, பேர்ல தான் ஹைவே, கரடுமுரடான மண்ணு ரோடு, சுமார் 4 மைல், சின்ன கார் அடி தட்டும், கொஞ்சம் உயரமான வண்டி வேணும். பார்க்கிங்ல இருந்து நடை கொஞ்சம் தான். நேர் எதிர்ல டேபிள் ராக், ஹாக்ஸ்பில் ரெண்டு மலையும் நிக்கும், அதுக்கும் பின்னாடி தூரத்துல தான் பிரவுன் மவுண்டன். அழகுன்னு கேட்டா இந்த எடத்துக்கு ஈடே இல்ல, பகல்ல போய் நின்னாலே பேச்சு வராது. ஆனா லைட் ஆராய்ச்சிக்கு ஒரு சிக்கல் இருக்கு, டேபிள் ராக் மேலயும் ஹாக்ஸ்பில் மேலயும் கேம்ப் போடுறவங்க ஹெட்லாம்ப் கட்டிக்கிட்டு நடப்பாங்க, அது பாறை விளிம்புல அசைஞ்சு அசைஞ்சு போறதை இங்க இருந்து பாத்தா உடம்பு சிலிர்க்கும், "பாத்துட்டோம்"னு வர்ற பல பேர் இதை தான் பாத்திருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

மூணாவது ப்ளூ ரிட்ஜ் பார்க்வேன்னு மலை மேலயே போற ரோட்டுல மைல்போஸ்ட் 310ல இருக்கிற லாஸ்ட் கோவ் கிளிஃப்ஸ் ஓவர்லுக். தூரம் அதிகம், ஆனா பார்வை பரந்து இருக்கும்.

ஒண்ணு கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கோங்க. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் இந்த ஏரியாவை புரட்டி போட்டுச்சு, பார்க்வே, லின்வில் பக்கத்து ரோடு, டிரெயில்னு நிறைய எடத்துல மண்சரிவு, மூடி வச்சு ஒண்ணொண்ணா திறந்துட்டு வந்தாங்க. கூகுள் மேப் சொல்றதை மட்டும் நம்பி ராத்திரியில கிளம்பாதீங்க, ஃபாரஸ்ட் சர்வீஸ், நேஷனல் பார்க் சர்வீஸ் ரெண்டோட ரோடு ஸ்டேட்டஸ் பக்கத்தையும் கிளம்புற அன்னைக்கே பாருங்க. லின்வில் கார்ஜ் உள்ள ராத்திரி தங்குறதா இருந்தா மே முதல் அக்டோபர் வரைக்கும் வீக்எண்டுக்கும் லீவு நாளுக்கும் பெர்மிட் வாங்கணும்.

ஸ்டெப் 4: எடுத்துட்டு போக வேண்டியது

ஸ்வெட்டர், குல்லா, கம்பளி (அக்டோபர் ராத்திரி மலை மேல நல்லா குளிரும், சார்லட் வெயிலை நினைச்சு டீஷர்ட்டோட போகாதீங்க), மடக்கு சேர், ஃபிளாஸ்க்ல டீ. டார்ச்சுக்கு சிவப்பு செலோஃபேன் பேப்பர் ரெண்டு மூணு மடிப்பா சுத்தி ரப்பர் பேண்ட் போடுங்க. 7x50 இல்ல 10x50 பைனாகுலர். ட்ரைபாட் கண்டிப்பா வேணும், கேமரா எதுவா இருந்தாலும். டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் கிடைக்கும், பள்ளிக்கூட அறிவியல் சாமான் விக்கிற எடத்துல ரொம்ப கம்மி விலை, அதை மறக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன். ஒரு நோட்டு, பேனா. போன்ல ஸ்டெல்லேரியம் (வானத்துல எந்த நட்சத்திரம் எங்கன்னு காட்டுற ஆப்), ஃபிளைட்ரேடார் (மேல பறக்குற விமானத்தை காட்டுற ஆப்), ஆஃப்லைன் மேப் எல்லாத்தையும் மார்கன்டன்லயே டவுன்லோட் பண்ணிக்கோங்க, மேல சிக்னலை நம்ப முடியாது, ஃபிளைட்ரேடார் கிடைச்சா லாபம்.

கரடி இருக்கிற காடு, சாப்பாட்டை வெளிய வச்சுட்டு தூங்காதீங்க. காப்பர்ஹெட், ராட்டில்ஸ்னேக்னு ரெண்டு விஷப் பாம்பும் உண்டு, இருட்டுல பாறை இடுக்குல கை வைக்காதீங்க. வைஸ்மன்ஸ் வியூல தடுப்பு தாண்டி போகவே கூடாது, கீழ செங்குத்து பள்ளம், குழந்தைங்க கையை பிடிச்சுக்கிட்டே இருங்க. ட்ரோன் வேண்டாம், பார்க்வேலயும் கார்ஜ் வனப்பகுதியிலயும் தடை.

ஸ்டெப் 5: பகல்லயே போய் மேப் போடுங்க

இது தான் மொத்த வழிகாட்டிக்கும் உயிர். நிறைய பேர் ராத்திரி 9 மணிக்கு போய் இறங்குவாங்க, எது மலை, எது பள்ளம், எந்தப் பக்கம் ஊருன்னு தெரியாது, அப்புறம் எந்த லைட்டை பாத்தாலும் மர்மம் தான். சூரியன் மறையறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது போய் சேருங்க.

போனதும் ட்ரைபாட் நிறுத்தி, முகடு முழுக்க வர்ற மாதிரி பகல் வெளிச்சத்துலயே ஒரு போட்டோ எடுங்க, அப்புறம் ராத்திரி முழுக்க ட்ரைபாடை அசைக்கவே கூடாது. ராத்திரி எடுக்கிற படத்தை இந்த பகல் படத்து மேல வச்சு பாத்தா லைட் சரியா எந்த மரத்துக்கு மேல, எந்த மேட்டுக்கு பின்னாடின்னு தெரிஞ்சிடும்.

அடுத்து நோட்டுல முகட்டோட கோட்டை கையால வரையுங்க. காம்பஸ் வச்சு முகட்டோட இடது முனை, வலது முனை, நடுவுல தெரியுற மேடு பள்ளம் எல்லாத்துக்கும் டிகிரி எழுதுங்க. அந்த ஏரியாவுல காம்பஸ் ஊசி உண்மையான வடக்குல இருந்து ஏழு டிகிரி கிட்ட மேற்க தள்ளி காட்டும், போன் காம்பஸ்ல ட்ரூ நார்த் செட்டிங் போட்டுக்கிட்டா இந்த தலைவலி இல்ல. அப்புறம் கூகுள் எர்த்ல நீங்க நிக்கிற புள்ளியில இருந்து அதே டிகிரியில கோடு நீட்டி பாருங்க, கோடு முகட்டை தாண்டி போய் எங்க விழுதுன்னு. லெனாயர் விழும், ஹிக்கரி பக்கத்து ஊருங்க விழும், அந்த ஊருங்களுக்கு நடுவுல ஓடுற பெரிய ரோடுங்க விழும். நாம மலை மேல நிக்கிறோம், அந்தப் பக்கம் கடாபா பள்ளத்தாக்கு கீழ இறங்குது, முகட்டை உரசிக்கிட்டு போற நம்ம பார்வை 20 மைல் தள்ளி இருக்கிற ஊர்ல போய் இறங்குது. அந்த ஊர் விளக்கு நமக்கு மலை உச்சியிலயே எரியுற மாதிரி தான் தெரியும்.

இதோட முகட்டு மேலயே இருக்கிற ஒரு விஷயத்தையும் மேப்ல குறிச்சுக்கோங்க. பிரவுன் மவுண்டன்ல ஃபாரஸ்ட் சர்வீஸ் நடத்துற மோட்டார்பைக், ஏ.டி.வி (காட்டுல ஓட்டுற நாலு சக்கர வண்டி) ஓட்டுற டிரெயில்கள் இருக்கு, முப்பது மைலுக்கு மேல. மரத்துக்கு நடுவுல ஏறி இறங்கி வளைஞ்சு போற பைக் ஹெட்லைட் எப்படி தெரியும்? எரியும், அணையும், நகரும், ரெண்டா பிரியும். அன்னைக்கு டிரெயில் திறந்திருக்கான்னு முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டா பாதி கேள்விக்கு பதில் கையில இருக்கும்.

இருட்ட ஆரம்பிக்கிறப்போ உக்காந்து ஒவ்வொரு விளக்கும் எரிய ஆரம்பிக்கிறதை பாருங்க. டவர் மேல சிவப்பு லைட், தெரு விளக்கு, பண்ணை வீட்டு விளக்கு, எல்லாம் அந்தி நேரத்துல ஒண்ணொண்ணா வரும், ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல நம்பர் போட்டு டிகிரி எழுதுங்க. முழுசா இருட்டுறதுக்குள்ள நிலையா எரியுற லைட் லிஸ்ட் உங்க கையில இருக்கும். இந்த ஒரு மணி நேர வேலையை செஞ்சவங்களுக்கும் செய்யாதவங்களுக்கும் ராத்திரி பாக்குறது ரெண்டு வேற மலை.

ஸ்டெப் 6: கண்ணை பழக்குங்க, கண் பண்ற வேலையையும் தெரிஞ்சுக்கோங்க

இருட்டுக்கு கண் பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரே ஒரு தடவை போன் ஸ்க்ரீனை முழு வெளிச்சத்துல பாத்தாலும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால சிவப்பு டார்ச், போன்ல சிவப்பு ஃபில்டர்.

அடுத்தது ஆட்டோகைனெடிக் எஃபெக்ட். சுத்தியும் இருட்டு, நடுவுல ஒரே ஒரு சின்ன லைட், அதையே உத்து பாத்துட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல அது நகர ஆரம்பிக்கும், உண்மையிலயே நகருற மாதிரியே தெரியும், பக்கத்துல இருக்கிறவர் "ஆமா ஆமா, இடது பக்கம் போகுது"ன்னு சொன்னா நமக்கும் இடது பக்கமே போகும். இது எல்லாருக்கும் நடக்கும், கண்ணோட இயல்பே அது. இதுக்கு மருந்து ரொம்ப சுலபம், ஒரு மரக் கிளையோ, காரோட ஆன்டெனாவோ, ட்ரைபாட் காலோ அதுக்கு நேரா வர்ற மாதிரி தலையை வச்சு அசையாம பாருங்க. லைட் கிளையை விட்டு விலகினா உண்மையாவே நகருது, விலகலைன்னா நகரல. கூட வந்தவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, யாரும் "அங்க பாரு, மேல ஏறுது"ன்னு கத்தக் கூடாது, "இத்தனையாவது டிகிரியில ஒண்ணு இருக்கு"ன்னு மட்டும் சொல்லணும், அவங்கவங்க பாத்ததை தனித்தனியா எழுதிட்டு அப்புறம் பேசிக்கலாம்.

ஸ்டெப் 7: ஒரு லைட் தெரிஞ்சா என்ன பண்ணணும்

பதட்டப்படாம முதல்ல டைம் எழுதுங்க, செகண்ட் வரைக்கும். அப்புறம் டிகிரி, கலர், எவ்ளோ நேரம் இருந்துச்சு. கையை நீட்டி பிடிச்சா மூடின முஷ்டி பத்து டிகிரி, சுண்டு விரல் அகலம் ஒரு டிகிரி, இதை வச்சே முகட்டுக்கு எவ்ளோ மேல, எவ்ளோ நகர்ந்துச்சுன்னு அளந்துடலாம்.

லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கான்னு பாருங்க. இருந்தா முடிஞ்சுது.

இல்லன்னா வானத்தை பாருங்க. நாம பாக்குறது கிழக்கு, அதனால ராத்திரி முழுக்க முகட்டுக்கு பின்னாடி இருந்து நட்சத்திரமும் கிரகமும் எழும்பிட்டே இருக்கும். பெரிய நட்சத்திரமோ வியாழனோ மலை விளிம்புல இருந்து வெளிய வர்ற நேரம், சிவப்பு, பச்சை, வெள்ளைன்னு மாறி மாறி துடிக்கும், மெதுவா மேல ஏறும், மரத்துக்கு நடுவுல மறைஞ்சு மறைஞ்சு வரும். ஸ்டெல்லேரியத்துல அந்த டைமுக்கு அந்த டிகிரியில என்ன இருக்குன்னு பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்தும், அந்த வேகத்துல சாஞ்சு ஏறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

விமானம் அடுத்து. சார்லட் பெரிய ஏர்போர்ட், இறங்குற விமானம் லேண்டிங் லைட் போட்டுட்டு நம்மளை பாத்து வந்தா பல நிமிஷம் ஒரே எடத்துல தொங்குற மாதிரி இருக்கும், அப்புறம் திரும்பினதும் டக்குனு அணைஞ்சிடும். வரிசையா ஒரே பாதையில வெள்ளைப் புள்ளிங்க போனா ஸ்டார்லிங்க் சாட்டிலைட்.

இப்போ கார் ஹெட்லைட், இது தான் பெரிய பங்கு. "கார்னா வேகமா போகணுமே, இது ரொம்ப மெதுவா போகுதே"ன்னு எல்லாரும் கேப்பாங்க. கணக்கு போட்டு பாருங்க, 20 மைல் தள்ளி ஒரு கார் மணிக்கு 50 மைல் வேகத்துல நமக்கு குறுக்கால போனா கூட ஒரு நிமிஷத்துக்கு ரெண்டரை டிகிரிக்கும் கம்மியா தான் நகரும், அதாவது சுண்டு விரல் ரெண்டு அகலம், ஒரு நிமிஷத்துல! நம்மளை நோக்கி நேரா வர்ற ரோடுன்னா அசையவே அசையாது, வளைவுல திரும்புறப்போ பளிச்சுனு எரிஞ்சு அணையும். அதே எடத்துல, அதே டிகிரியில, திரும்ப திரும்ப எரிஞ்சு அணையுதுன்னா அங்க ஒரு ரோட்டு வளைவு இருக்குன்னு அர்த்தம், மறுநாள் மேப்ல தேடுங்க, கண்டிப்பா கிடைக்கும். டெக்ஸஸ்ல மார்ஃபான்னு ஒரு ஊர், அங்கயும் இதே மாதிரி மர்ம லைட் பிரபலம், 2004ல டல்லாஸ் பக்கத்து யுனிவர்சிட்டி இயற்பியல் மாணவர்கள் போய் பாத்து, ஹைவே 67ல வர்ற கார் ஹெட்லைட்டோட ஒத்துப் போறதை காட்டினாங்க.

அந்த டிஃப்ராக்‌ஷன் ஃபிலிமை இப்போ எடுங்க. கேமரா லென்ஸ் முன்னாடியோ பைனாகுலர் முன்னாடியோ வச்சு பாத்தா லைட் பக்கத்துல அதோட நிறமாலை விரியும். பழைய சோடியம் தெரு விளக்குன்னா ஆரஞ்சுல தனித்தனி பட்டையா தெரியும், எல்.இ.டி.ன்னா நீலத்துல ஒரு தனி மேடு இருக்கும், நெருப்புன்னா சிவப்புல இருந்து இடைவெளி இல்லாம விரிஞ்சு நீலத்துல மங்கிடும். மேன்ஸ்ஃபீல்ட் கையில இது இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு! ரொம்ப மங்கலான லைட்டுக்கு வேலை செய்யாது, நல்லா பிரகாசமா இருக்கிறதுக்கு செய்யும்.

மே கடைசி, ஜூன்ல போறவங்களுக்கு ஒரு தனி விஷயம். அந்த மலைகள்ல ப்ளூ கோஸ்ட்னு ஒரு மின்மினிப் பூச்சி இருக்கு, நம்ம ஊர் மின்மினி மாதிரி மினுக் மினுக்னு அடிக்காது, நீலம் கலந்த வெளிறின வெளிச்சத்தை ஒரு நிமிஷம் வரைக்கும் கூட விடாம எரிய விட்டுக்கிட்டே தரையை ஒட்டி மிதந்து போகும். ஓவர்லுக் கீழ சரிவுல, காட்டுக்குள்ள கிட்டத்துல லைட் மிதக்குதுன்னு யாராவது சொன்னா முதல்ல இதை தான் நினைக்கணும். மைல் கணக்குல தள்ளி இருந்து இது தெரியாது. பாத்தீங்கன்னா டார்ச் அடிக்காதீங்க, அதுங்க ஜோடி சேர்ற நேரம் அது. எனக்கு கேட்டா முகட்டு லைட்டை விட இந்தப் பூச்சியை பாக்குறதுக்காகவே ஒரு தடவை போகலாம்.

ஸ்டெப் 8: கேமராவும் ரெண்டாவது எடமும்

ஐ.எஸ்.ஓ 1600 கிட்ட, 15ல இருந்து 30 செகண்ட் எக்ஸ்போஷர், ஃபோகஸை தூரத்து விளக்குல மேனுவலா வச்சு டேப் ஒட்டிடுங்க, இடைவெளி விடாம எடுத்துட்டே இருக்கட்டும். போன்னா நைட் மோட், ட்ரைபாட் மேல. கேமரா கடிகாரத்தை போன் டைமோட சரி பண்ணிக்கோங்க.

ஒரே எடத்துல நின்னு எவ்ளோ நல்ல படம் எடுத்தாலும் லைட் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு சொல்ல முடியாது. ரெண்டு குடும்பமா போறீங்கன்னா ஒரு குரூப் 181 ஓவர்லுக்ல, இன்னொரு குரூப் வைஸ்மன்ஸ் வியூல நில்லுங்க. ஒரே டைம்ல ரெண்டு பேரும் ஒரே லைட்டை பாத்து டிகிரி எழுதினா மேப்ல ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடத்துல தான் லைட் இருக்கு. டிகிரி கவனமா எழுதணும், ஒரு டிகிரி தப்பினா 20 மைல் தூரத்துல மைலுல மூணுல ஒரு பங்கு தள்ளி போயிடும். வெட்டுற புள்ளி முகட்டை தாண்டி பள்ளத்தாக்குல விழுந்தா ஊர் விளக்கு. முகட்டு மேலயே விழுந்தா பைக் டிரெயிலையும் கேம்ப் போடுற எடத்தையும் ஒப்பிட்டு பாருங்க.

ஸ்டெப் 9: மிச்சம் நிக்கிறதை என்ன பண்றது

ஆப்பலாச்சியன் ஸ்டேட் யுனிவர்சிட்டி வானியல் பேராசிரியர் டேனியல் கேட்டன், இந்த விஷயத்துல பல வருஷம் உழைச்சவர், முகட்டை பாத்து கேமரா வச்சு ஆயிரக்கணக்கான மணி நேரம் பதிவு பண்ணியிருக்காரு. அதுல ஏறக்குறைய எல்லாமே விமானம், கார், ஊர் விளக்கு, நட்சத்திரம்னு கழிஞ்சு போச்சு. ஆனா ரொம்ப கிட்டத்துல பாத்ததா சொல்ற சில சாட்சிகளை அவர் தூக்கி போடல, கோள மின்னல்னு சொல்ற, இயற்பியல்ல இன்னும் சரியா விளங்காத விஷயமா இருக்கலாம்னு ஒரு வாய்ப்பா வச்சிருந்தாரு. ஓரியன் ஆளுங்களும் பெரும்பாலானதுக்கு விளக்கம் சொல்லிட்டு சிலதை விளங்காததுன்னே விட்டாங்க. எனக்கு இந்த ரெண்டு பேரோட அணுகுமுறையும் தான் சரின்னு படுது, தெரிஞ்சதை தெரிஞ்சதுன்னு சொல்லணும், மிச்சத்தை மிச்சம்னு எழுதி வைக்கணும், அதுக்கு ஆவின்னோ ஏலியன்னோ அவசரமா பேர் வைக்கக் கூடாது, அதே நேரம் "எல்லாம் புருடா"ன்னு அந்த ஊர் ஜனங்களை அலட்சியமா பேசவும் கூடாது. தாத்தா பாட்டி காலத்துல இருந்து அந்த மலையை பாத்து வளர்ந்தவங்க அவங்க. ஓவர்லுக்ல பக்கத்துல நிக்கிற உள்ளூர்க்காரர் கிட்ட பேச்சு குடுங்க, எந்த டிகிரியில எந்த ஊர் விளக்குன்னு உங்க மேப்பை விட அவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கும்.

உங்க நோட்டுல கழிக்க முடியாத ஒரு வரி நின்னா, அந்த டைம், டிகிரி, கால அளவு, பகல் படம், ராத்திரி படம், நீங்க நின்ன எடத்தோட ஜி.பி.எஸ், அன்னைக்கு வானிலை எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க, படத்தை எடிட் பண்ணாம ஒரிஜினல் ஃபைலாவே வைங்க. அடுத்த வாரம் அதே எடத்துல, அதே நேரத்துல, அதே டிகிரியை பாத்து இன்னொரு ராத்திரி உக்காருங்க. மறுபடி அதே எடத்துல வந்தா அது ரோடோ விளக்கோ தான், மேப்ல தேடி பேர் வச்சுடலாம். வரலைன்னா ஃபோல்டரை அழிக்காதீங்க, பக்கத்துல "கழியல"ன்னு எழுதி அப்படியே வச்சிருங்க.